கோபியாப்போவுக்கு வடக்கே

நேற்றிரவு பதினேழு பேர் வந்திருந்தார்கள்.
அதில் மூன்று பேர் அந்த மதுக்கடையின் ஊழியர்கள்.
ஒருவன் ரெனாத்தோவின் பழைய காதலியின் அண்ணன்,
கணக்குத் தீர்க்க வந்திருக்கிறான் என்று பயந்தோம்.
கடைசிப் பாட்டுவரை நின்றான், கைதட்டினான்,
டி-சட்டை ஒன்று வாங்கினான், மீடியம்.
அவனுக்கு அது பத்தாது என்று
விற்ற எனக்கும் தெரியும், வாங்கிய அவனுக்கும் தெரியும்.

சிலியில் வழி தவறவே முடியாது.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை,
நடுவே ஒற்றைச் சாலை.
போகலாம், இல்லையென்றால் திரும்பலாம்.

வேனின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம்.
என் பெரிய டிரம்முக்குள் நால்வரின் கம்பளிச் சட்டைகள்,
சின்னதற்குள் ரொட்டியும் இரண்டு அவகாடோவும்.
கிதார் பெட்டிமேல் ஈரத்துணி காயப்போட்டேனென்று
லா செரேனாவிலிருந்து மைத்தே என்னோடு பேசுவதில்லை.
மேடையில் மட்டும் திரும்பிப் பார்ப்பாள்,
பல்லவிக்குள் நுழைவதற்கு ஒரு அடி முன்னால்.
அந்தப் பார்வையில் சண்டை இருக்காது.
பாட்டு முடிந்ததும் இருக்கும்.

ஃபெர்மின் ஓட்டுகிறான்.
பேஸ் வாசிக்கிறவன் ஓட்டினால்
மேடானாலும் பள்ளமானாலும் ஒரே வேகம்.

பகல் இரண்டு மணிக்கு வண்டி சூடேறி நின்றது.
எஞ்சின் ஆறட்டும் என்று இறங்கினோம்.
மரமில்லை, பறவையில்லை, ஈகூட இல்லை.
விபத்தில் செத்த யாருக்கோ சாலையோரத்தில் சின்னஞ்சிறு வீடு,
வாசலில் பிளாஸ்டிக் பூ, ஒரு பொம்மை லாரி.
காற்று நின்றிருந்தது.

அப்போதுதான் கேட்டது.

முதலில் மின்கம்பி என்று நினைத்தேன்.
கம்பம் எங்கேயும் இல்லை.
தலையைத் திருப்பினால் கூடவே திரும்பியது,
மெலிசாக, ஊசிபோல,
அணைக்க மறந்த ஆம்ப் ஒன்று
மண்டைக்குள் எரிந்துகொண்டிருப்பதுபோல.

"உங்களுக்குக் கேட்கிறதா?"
ரெனாத்தோ சிரித்தான். "இப்போதுதான் கேட்கிறதா உனக்கு?"
அவனுக்குப் பதினெட்டு வயதிலிருந்தே.
"உன்னுடையது என்ன சுரம்?"
நான் முனகிக் காட்டினேன்.
அவன் கொஞ்சம் மேலே முனகினான்.
ஃபெர்மின் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துக்கொண்டே
இன்னும் மேலே, கீச்சென்று.
மூன்றும் சேர்ந்தபோது
எந்தப் பாட்டிலும் வைக்க முடியாத ஒரு கோரம்.
சிரித்துச் சிரித்து எனக்கு மூத்திரம் முட்டியது.
ஒதுங்கப் பாறைகூட இல்லை.
"திரும்பி நில்லுங்கடா" என்று கத்தினேன்.

மைத்தே முன் இருக்கையைவிட்டு இறங்கவில்லை.
எங்களில் அவள் ஒருத்திதான்
முதல் நாளிலிருந்து காதடைப்பான் போடுகிறவள்.
பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்திருக்கிறோம்.

வண்டி கிளம்பி அரைமணி நேரம்.
கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:
"எனக்கு இடது காதில் சத்தமே இல்லை.
இரைச்சலும் இல்லை.
பிப்ரவரியிலிருந்து."

ஃபெர்மின் வேகத்தைக் குறைத்தான்.
அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.
டாக்டர் என்று ரெனாத்தோ ஆரம்பித்தான்,
முடிக்கவில்லை.
யாரிடம் இருக்கிறது அதற்கான பணம்.

சுங்கச்சாவடியில் சில்லறை குறைந்தது.
நால்வரும் இருக்கை இடுக்குகளில் கைவிட்டுத் துழாவினோம்.
ஒரு டிரம் குச்சி கிடைத்தது, காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
நூறு பெசோ நாணயங்கள் ஏழு.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
மைத்தே வலது பக்கமாகத் திரும்பினாள்,
ஹாரன் நேர் பின்னாலிருந்து வந்தது.
எத்தனை மாதமாக இப்படித் திரும்புகிறாள்.
நான் ஈரத்துணியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தோஃபாகஸ்தாவில் மேடை என்றால்
நாலு மரப்பலகை, ஒரு கம்பளம்.
எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் தள்ளித்தான் உட்காருவேன்.
இன்று டிரம்மையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி
வலப்பக்கம் போட்டேன்.
ஒயர் எட்டவில்லை என்று ஒலிக்காரன் திட்டினான்.
திட்டட்டும்.

மைத்தே கிதாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தாள், நான் இருக்கும் இடத்தைப் பார்த்தாள்,
"அந்தத் துணி இன்னும் நாறுகிறது" என்றாள்.

பதினொரு பேர்.
நான் எண்ண ஆரம்பித்தேன்: ஒன்று, இரண்டு.